கடைசி சில மில்லிகிராம்கள்: எஸ்சிட்டாலோபிராமைச் சொட்டு மருந்து வழியாகக் குறைத்து நிறுத்துவது எப்படி?

மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. மாத்திரையை நாலரை வருடம் சாப்பிட்டவன் நான். முதல் தடவை நிறுத்தியபோது எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு ரொம்ப எளிது. இரண்டு வாரம் 5 மி.கி., அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5 மி.கி., அப்புறம் நிறுத்திவிடலாம். நிறுத்திய நாலாம் நாள் லண்டனில் பஸ் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், தலையைத் திருப்பியதும் மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் தூக்கம் போனது, டிவி விளம்பரத்தைப் பார்த்தால்கூட அழுகை வந்தது, வீட்டில் இருக்கிற எல்லார் மேலேயும் எரிச்சல். மூன்றாம் வாரம் பழைய டோஸுக்கே திரும்பினேன். "நோய் திரும்பிவிட்டது, நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும்" என்றார்கள், நானும் நம்பினேன்.

அது நோய் இல்லை, மருந்தை வேகமாக எடுத்துவிட்டதால் வந்த தொல்லை என்று எனக்குப் புரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. இரண்டாவது தடவை சொட்டு மருந்தை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒன்றரை வருட காலத்தில் மெதுவாக இறங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்துவது என்று நீங்களும் உங்கள் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்த பிறகு எப்படி இறங்குவது என்பதற்கான குறிப்பு இது. நிறுத்தலாமா வேண்டாமா என்பதை இதைப் படித்து முடிவு செய்யாதீர்கள். இந்த மருந்து எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, என்னையும் ஒரு மோசமான வருடத்திலிருந்து தூக்கிவிட்டது அதுதான். மனச்சோர்வு பல தடவை வந்து போனவர்கள், பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறுகிற நோய்) உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் தற்கொலை எண்ணம் வந்தவர்கள் எல்லாம் இன்னும் கவனமாக, டாக்டரோடு விரிவாகப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். வீட்டில் யாரோ "இன்னும் எத்தனை நாள் இந்த மாத்திரை" என்று கேட்டதற்காக மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.

ஏன் பாதி மாத்திரை போதாது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது, எஸ்சிட்டாலோபிராம் போன்ற மருந்துகள் அதன் மேல் போய் உட்கார்ந்து அடைக்கின்றன. டோஸைப் பாதியாக்கினால் அடைப்பும் பாதியாகும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி ஆவதில்லை. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில், மூளை ஸ்கேன் தகவல்களை வைத்து இதை விளக்கினார்கள். உதாரணத்துக்கு, இதே குடும்பத்து மருந்தான சிட்டாலோபிராமைப் பார்ப்போம். 20 மி.கி. சாப்பிட்டால் கிட்டத்தட்ட 80 சதவீதம் அடைபடுகிறது. அது 70 சதவீதத்துக்கு வர டோஸ் 9.1 மி.கி. ஆக இறங்க வேண்டும், அதாவது பாதிக்கும் மேல் மருந்தைக் குறைத்தும் பத்து சதவீதம்தான் மாறியிருக்கிறது. 50 சதவீதத்துக்கு 3.4 மி.கி., 30-க்கு 1.5 மி.கி., 20-க்கு 0.8, கடைசிப் பத்து சதவீதத்துக்கு 0.37 மி.கி.

சிட்டாலோபிராமில் வேலை செய்கிற பாதிதான் எஸ்சிட்டாலோபிராம். அதனால் இந்த எண்களைத் தோராயமாகப் பாதியாக்கிக்கொள்ளலாம். இப்போது என் முதல் முயற்சியைப் பாருங்கள். 10-லிருந்து 5-க்கு வந்தபோது ஒரு சின்னப் படி இறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை, நல்லாத்தான் இருந்தேன். 5-லிருந்து பூஜ்ஜியத்துக்குப் போனபோது மாடியிலிருந்து குதித்துவிட்டேன். காகிதத்தில் இரண்டுமே 5 மி.கி.தான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதும் இதனால்தான் சரிப்படாது. எஸ்சிட்டாலோபிராம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். 48 மணி நேரம் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், அடுத்த மாத்திரையில் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மூளை தினமும் ஊஞ்சலாடும். இதே வகை மருந்துகளில் ஃப்ளூவாக்ஸெட்டின் மட்டும் விதிவிலக்கு. அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், அதனால் அங்கே நாள் விட்டு நாள் சாப்பிடுவது ஓரளவு நடக்கும்.

ஆக, மெதுவாகப் போக வேண்டிய இடம் கீழே, கடைசி சில மில்லிகிராம்களில். அங்கேதான் மாத்திரை நம்மைக் கைவிடுகிறது, ஏனென்றால் 5 மி.கி. மாத்திரையை எவ்வளவு கவனமாக உடைத்தாலும் 0.7 மி.கி. வராது. திரவ மருந்து தேவைப்படுவது அதற்குத்தான்.

எல்லாருக்கும் இவ்வளவு மெதுவு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில வாரம் மட்டும் சாப்பிட்டவர்கள், முன்பு நிறுத்தி ஒன்றும் ஆகாதவர்கள், சில வாரங்களிலேயே பெரும்பாலும் சிரமம் இல்லாமல் இறங்கிவிடுவார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள், ஒரு டோஸ் மறந்தாலே தலை சுற்றுகிறவர்கள், என்னைப் போல ஒரு தடவை அடிபட்டவர்கள், நீங்கள்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

முதல் வேலை: டாக்டரிடம் என்ன கேட்பது

"மெதுவாக நிறுத்த வேண்டும்" என்று மட்டும் சொன்னால் நாலு வாரக் கணக்குதான் வரும். திட்டமாகக் கேளுங்கள். எனக்குத் திரவ வடிவம் எழுதித் தர முடியுமா? ஒவ்வொரு படியிலும் அப்போதைய டோஸில் ஒரு குறிப்பிட்ட பங்கைக் குறைக்கிற மாதிரி போகலாமா? ஒரு படியில் தொல்லை வந்தால் அங்கேயே நிற்கலாமா? பிரிட்டனில் இருப்பவர்கள், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலைச் சுட்டிக்காட்டலாம். ஒவ்வொரு படியிலும் முந்தைய டோஸில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், கீழே போகப் போக அந்தப் பங்கைச் சிறிதாக்க வேண்டும், மாத்திரையில் முடியாத அளவு வந்தால் திரவ வடிவத்தைப் பரிசீலிக்க வேண்டும், வேகத்தை நோயாளியோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அங்குள்ள மனநல மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2020-ல் வெளியிட்ட கையேட்டிலும் மாதிரிப் படிகள் உண்டு. அதை அச்சடித்துக் கையில் கொண்டுபோனேன், பேச்சே வேறு மாதிரி போனது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். என் அக்காவுக்கு மதுரையில் எழுதித் தந்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்று இருந்தது, அவள் அதை மனச்சோர்வு மாத்திரை என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் எஸ்சிட்டாலோபிராமோடு குளோனசெபாமும் இருந்தது. இந்தச் சேர்க்கை நம் ஊரில் சர்வ சாதாரணம். குளோனசெபாம் பதற்றத்தைத் தணிக்கும் வேறு வகை மருந்து, அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் இந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து, எதை முதலில், எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கேஸ் மாத்திரை. ஒமெப்ரஸோல், எசோமெப்ரஸோல் இரண்டும் எஸ்சிட்டாலோபிராம் உடம்பிலிருந்து கழிவதைத் தாமதப்படுத்தி ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஒமெப்ரஸோலோடு ஏறக்குறைய 50 சதவீதம் வரைகூட ஏறும். குறைக்கிற காலத்தின் நடுவே வயிறு சரியாகிவிட்டது என்று அதை நிறுத்தினால், சொட்டில் கை வைக்காமலேயே உங்கள் டோஸ் இறங்கிவிடும். நடுவில் வேறு எந்த மருந்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் ஃபார்மசிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரவத்துக்கு மாறுவது

பிரிட்டனில் எஸ்சிட்டாலோபிராம் சொட்டு மருந்து 1 மி.லி.க்கு 20 மி.கி. வீதம் வருகிறது. ஒரு சொட்டு 1 மி.கி., பத்துச் சொட்டு உங்கள் 10 மி.கி. மாத்திரைக்குச் சமம். அமெரிக்காவில் கிடைக்கிற திரவம் 1 மி.லி.க்கு 1 மி.கி. மட்டுமே, அதை நேராக சிரிஞ்சில் அளந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் இருபது மடங்கு வித்தியாசம். அதனால் வெளிநாட்டில் இருக்கிற யாரோ சொன்ன மி.லி. கணக்கை எடுத்து உங்கள் பாட்டிலில் போடாதீர்கள். முதலில் லேபிள், அப்புறம்தான் கணக்கு.

முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள். மாத்திரையில் சாப்பிட்ட அதே டோஸைத் திரவமாகச் சாப்பிடுங்கள். மாற்றத்தால் வருவது எது, குறைப்பதால் வருவது எது என்று அப்போதுதான் பிரித்துத் தெரியும். சிட்டாலோபிராம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் கிடைக்கும் சிட்டாலோபிராம் சொட்டு 1 மி.லி.க்கு 40 மி.கி., ஒரு சொட்டு 2 மி.கி., ஆனால் திரவம் உடம்பில் கூடுதலாகச் சேர்வதால் நாலு சொட்டு, அதாவது 8 மி.கி., 10 மி.கி. மாத்திரைக்குச் சமம். 20 மி.கி. மாத்திரை என்றால் எட்டுச் சொட்டு.

பாட்டிலை முழுக்கத் தலைகீழாகப் பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். சொட்டு விழாவிட்டால் லேசாகத் தட்டினால் போதும். தண்ணீர், ஆரஞ்சு ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், இந்த மூன்றில்தான் கலக்கலாம். நல்ல கசப்பு, எனக்கு ஆரஞ்சு ஜூஸ்தான் சரிவந்தது. தினமும் ஒரே நேரம். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி வையுங்கள், திறந்து எத்தனை வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பெட்டியிலேயே இருக்கும். கீழ் டோஸுக்கு வந்த பிறகு பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே அந்தத் தேதி முடிந்துவிடும். மனசு கேட்காது, ஆனால் புது பாட்டிலுக்குத்தான் போக வேண்டும்.

அளப்பது

இங்கே தவறினால் பத்து மடங்கு தவறும், அதனால் நிதானமாகப் போவோம்.

ஃபார்மசியில் வாய்வழி மருந்துக்கான ஊசி இல்லாத சிரிஞ்சு கேளுங்கள், 1 மி.லி. ஒன்றும் 10 மி.லி. ஒன்றும். ஸ்பூன் வேண்டவே வேண்டாம். முழு எண் டோஸ் என்றால் சொட்டு எண்ணினால் முடிந்தது. 6.4 மி.கி., 0.9 மி.கி. போன்றவற்றுக்குத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு பகுதியை மட்டும் குடிக்க வேண்டும். எத்தனை சொட்டு விடுகிறீர்களோ அதைப் போல் பத்து மடங்கு மி.லி. தண்ணீர், இதுதான் நான் பிடித்துக்கொண்ட விதி. ஒரு சொட்டு 1 மி.கி. ஆக இருக்கும் பாட்டிலில் அப்படிச் செய்தால் கலவையில் 1 மி.லி. எப்போதும் 0.1 மி.கி.தான்.

6.4 மி.கி. வேண்டுமா? ஏழு சொட்டு, 70 மி.லி. தண்ணீர், நன்றாகக் கலக்கி 64 மி.லி. குடித்துவிட்டு மிச்சத்தைக் குழந்தைகள் கை படாமல் கொட்டிவிடுங்கள். 0.4 மி.கி. வேண்டுமென்றால் ஒரு சொட்டை 10 மி.லி.யில் விட்டு 4 மி.லி. எடுக்கலாம் என்று தோன்றும், கணக்கும் சரிதான். ஆனால் ஒற்றைச் சொட்டு ஒரு நாள் பெரிதாகவும் ஒரு நாள் சின்னதாகவும் விழும். ஐந்து சொட்டு, 50 மி.லி. என்று கலந்து அதிலிருந்து 4 மி.லி. எடுங்கள், ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து உடனே குடிக்க வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. இந்த முறையை ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் ஃபார்மசிஸ்ட் முன்னால் ஒரு தடவை செய்து காட்டிச் சரிபாருங்கள்.

மி.கி. வேறு, மி.லி. வேறு. சென்னைக்குப் போயிருந்தபோது, விமானப் பயணத்தின் தூக்கக் கலக்கத்தில், 3.3 மி.கி. குடிக்க வேண்டிய நான் கலக்காத சொட்டு மருந்தையே 3.3 மி.லி. எடுக்கக் கை நீட்டிவிட்டேன். அது 66 மி.கி. ஆகியிருக்கும். அன்றிலிருந்து சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன்: இன்றைய டோஸ் எத்தனை மி.கி., எத்தனை சொட்டு, எத்தனை மி.லி. தண்ணீர், எத்தனை மி.லி. குடிக்க வேண்டும். படி மாறும்போதெல்லாம் தாளும் மாறும், வீட்டில் இன்னொருவர் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பார்.

படிகள்

நான் ஒவ்வொரு படியிலும் அப்போதைய டோஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தேன், ஒவ்வொரு படியிலும் நாலு வாரம். 10, 8, 6.4, 5.1, 4.1, 3.3, 2.6, 2.1, 1.7, 1.4, 1.1, 0.9, 0.7, 0.5, 0.4, 0.3, 0.2, அப்புறம் பூஜ்ஜியம். இது என் உடம்புக்குச் சரிவந்த வரிசை. சிலருக்கு மேல் படிகளில் கால் பங்கு குறைத்தாலும் தாங்கும், சிலருக்குப் பத்து சதவீதமே அதிகம். முதல் படியைச் சோதனையாக வையுங்கள், சின்னதாக ஒரு குறைப்பு, நாலு வாரம் கவனிப்பு, அது சொல்கிற பதிலைப் பார்த்து மற்றதை டாக்டரோடு பேசித் தீர்மானியுங்கள்.

குறைத்து சில நாள் வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் தெரியும். எனக்கு வழக்கமாக நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தலை லேசாக மிதக்கும், விசித்திரமான கனவுகள் வரும், மூன்றாம் வாரம் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு ஒரு வாரமாவது நிம்மதியாக இருந்துவிட்டுத்தான் அடுத்த படி. நாலு வாரம் ஆகியும் தெளியவில்லையா, நாட்காட்டியைப் பார்க்காமல் அங்கேயே நில்லுங்கள். 1.4 மி.கி.யில் நான் பத்து வாரம் நின்றேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த சமயம் அது, அந்தச் சமயத்தில் குறைக்க எனக்கு மனமில்லை. தாங்கவே முடியாமல் போனால் டாக்டரிடம் சொல்லி முந்தைய படிக்கு ஏறுங்கள், ஏறினால் பெரும்பாலும் சில நாளில் தணியும். ஏறியது தோல்வி கிடையாது, அடுத்த தடவை சின்னப் படியாக எடுக்க வேண்டும் என்ற தகவல்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, டோஸ், தூங்கிய மணி நேரம், தலைச் சுற்றல் பத்துக்கு எத்தனை, மனநிலை பத்துக்கு எத்தனை, அவ்வளவு போதும். டாக்டரிடம் வார்த்தையில் சொல்வதைவிட அந்தப் பக்கங்களைக் காட்டுவது நூறு மடங்கு மேல்.

நோயா, மருந்து இறங்கும் தொல்லையா

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், முதல் தடவை நானும் இங்கேதான் ஏமாந்தேன். மருந்து குறைவதால் வரும் தொல்லை, குறைத்த சில நாட்களிலேயே தொடங்கும், கூடவே உடம்பு சம்பந்தப்பட்டவை வரும்: மண்டைக்குள் மின்னதிர்வு, தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை, ஃப்ளூ காய்ச்சல் மாதிரி உடல் வலி. அலை அலையாக வந்து போகும், டோஸை ஏற்றினால் சீக்கிரம் அடங்கும். மனச்சோர்வு திரும்புவது வேறு மாதிரி. பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்லப் படரும், மண்டையில் மின்சாரம் அடிக்காது, முன்பு உங்களுக்கு எப்படி ஆரம்பித்ததோ அதே முகத்தோடு வரும். ஃப்ளூவாக்ஸெட்டினில் மட்டும் இந்தக் கணக்கு குழம்பும், அங்கே தொல்லையே சில வாரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். இரண்டும் கலந்தும் வரலாம், அதனால் நீங்களே தீர்ப்பு எழுதாமல் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

உட்காரவே முடியாத தவிப்பு, பல நாள் சுத்தமாகத் தூக்கம் இல்லாமை, அளவுக்கு மீறிய உற்சாகம், உயிரை விட வேண்டும் என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, பிரிட்டனில் 116 123. ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

திரவம் கிடைக்காதவர்களுக்கும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும்

எங்கேயும் எல்லா மருந்தும் திரவமாகக் கிடைப்பதில்லை. சாதாரண எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையைத் தண்ணீரில் கரையவிட்டு, குலுக்கி, ஒரு பகுதியை அளந்து குடிக்கிற வழி உண்டு. தூள் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்கின கையோடு எடுக்க வேண்டும், ஃபார்மசிஸ்ட் பார்த்துச் சரி என்ற பிறகே செய்ய வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை, பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், சிஆர், எஸ்ஆர் என்று வருபவை, எக்காரணம் கொண்டும் பொடி செய்யாதீர்கள். வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெட்டின் கேப்ஸ்யூல் மணிகளையும் நசுக்கவோ கரைக்கவோ கூடாது, அவற்றுக்கு வழிமுறையே வேறு.

ஃப்ளூவாக்ஸெட்டின் திரவம் பொதுவாக 5 மி.லி.க்கு 20 மி.கி. பேராக்ஸெட்டின் சஸ்பென்ஷனை (மருந்துத் தூள் மிதக்கும் திரவம்) நன்றாகக் குலுக்காவிட்டால் ஒரு நாள் தண்ணீரும் ஒரு நாள் முழு மருந்தும் குடிப்பீர்கள். அமெரிக்காவில் கிடைக்கும் செர்ட்ராலின் திரவத்தை அப்படியே குடிக்கக் கூடாது, குடிப்பதற்குச் சற்று முன் தண்ணீர் போன்ற வேறு திரவத்தில் கலக்க வேண்டும், அதில் 12 சதவீதம் ஆல்கஹால் உண்டு.

பூஜ்ஜியத்துக்குப் பிறகு

0.2-லிருந்து பூஜ்ஜியத்துக்குப் போன வாரம் எனக்கு மூன்று நாள் லேசான தலைச்சுற்றல், அவ்வளவுதான். ஆனாலும் நோட்டுப் புத்தகத்தை மூடாதீர்கள். முதல் ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருங்கள், நிறுத்தி ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க இப்போதே தேதி வாங்கி வையுங்கள். உங்கள் முகம் மாறுவதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற ஒருவரிடம், எனக்கு அது அக்கா, "நான் போன் எடுக்காமல் இருக்க ஆரம்பித்தால், சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் எனக்குச் சொல்லு" என்று சொல்லி வையுங்கள். அக்கா இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, முதல் கேள்வியாகத் தூக்கம் எப்படி என்றுதான் கேட்கிறாள்.